பேட்லாண்ட்ஸ் புல்வெளிக்குக் கூட்டமாகக் கிளம்பும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மினியாபொலிஸ், சிகாகோ, ஒமாஹா பக்கம் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறை என்றால் தெற்கு டகோட்டாவுக்குக் கிளம்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. மவுண்ட் ரஷ்மோர், கஸ்டர் பூங்கா, திரும்பும் வழியில் பேட்லாண்ட்ஸ். அந்தப் பயணத்தில் ஓர் இரவை வால் ஊருக்குத் தெற்கே, பஃபலோ கேப் தேசியப் புல்வெளியில், செங்குத்துச் சரிவின் விளிம்பில் டென்ட் போட்டுக் கழிப்பது சில ஆண்டுகளாகப் பரவி வருகிறது. காசு கிடையாது, முன்பதிவு கிடையாது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. காலையில் டென்ட்டின் ஜிப்பைத் திறந்தால் இளஞ்சிவப்பும் சாம்பலுமாக அடுக்கடுக்கான மண்கோபுரங்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிற்கும். அந்தக் காட்சியைப் படம் எடுத்து, இடத்தைக் காட்டும் பின்னோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அடுத்த ஆண்டு எட்டுக் குடும்பம் சேர்ந்து கிளம்புகிறது. அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4-ஐ ஒட்டிய நீண்ட வார இறுதி என்றால் பத்து, பன்னிரண்டு கார்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். அப்படிக் கூட்டமாக அந்த விளிம்புக்குப் போகாதீர்கள். ஒரு குடும்பமோ இரண்டு குடும்பமோ, தேவையானதை எல்லாம் கையோடு கொண்டுபோய், மிச்சத்தை எல்லாம் கையோடு திரும்ப எடுத்து வருவதென்றால் தாராளமாகப் போங்கள். நாற்பது பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுப் பாட்டுப் பாட வேண்டும் என்றால் அதற்கென்று கட்டிவைத்த கேம்ப்கிரவுண்டில் இடம் பிடியுங்கள்.

அங்கே குப்பை சேர்வதற்குத் தமிழர்கள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. எல்லா மாநில நம்பர் பலகையும் அந்த மண்பாதையில் தெரியும். ஆர்.வி. எனப்படும் பெரிய பெரிய வீட்டு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஓடும். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் நான் மடல் எழுத முடியாது. உங்களுக்கு எழுத முடியும், நீங்கள் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. சட்டத்தைக் காட்டியும் இதைக் கேட்கவில்லை. இந்தப் புல்வெளி அமெரிக்க வனத்துறையின் நிலம்; அங்கே 75 பேரோ அதற்கு மேலோ கூடினால்தான் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நாற்பது பேர் கூடுவதை யாரும் தடுக்க மாட்டார்கள். தடுக்க ஆள் இல்லாததால்தான் நாமாக நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் கழிப்பறை விஷயம். பேசக் கூச்சமாக இருந்தாலும் இதைத்தான் முதலில் பேச வேண்டும். அந்த விளிம்பில் கழிப்பறை கிடையாது. தண்ணீர்க் குழாய் கிடையாது. குப்பைத் தொட்டியும் கிடையாது. வனாந்தரத்தில் தங்குகிறவர்களுக்குச் சொல்லப்படும் முறை ஒன்று உண்டு: டென்ட்டிலிருந்தும் நீரோடையிலிருந்தும் 200 அடி தள்ளிப்போய், ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் குழி தோண்டி, முடிந்ததும் மூடிவிடுவது. பரந்த காட்டில் ஒருவர் இருவருக்கு இது சரி. ஒரு பக்கம் செங்குத்துச் சரிவு, மறு பக்கம் முள்கம்பி வேலி, நடுவில் ஒரு துண்டு நிலம் என்ற இடத்தில், கோடை முழுக்கத் தினமும் பலர் இதையே செய்தால் என்ன ஆகும்? அந்த மண் இறுகிய களிமண். ஆண்டுக்கு மொத்தமே சுமார் 40 சென்டிமீட்டர் மழை. போட்டது எதுவும் சீக்கிரம் மக்காது. காற்றோ ஓயாது. டிஷ்யூ காகிதமும், குழந்தைகளைத் துடைத்த வைப்ஸும் புல்லிலும் வேலிக் கம்பியிலும் சிக்கிப் படபடத்துக்கொண்டிருப்பதைக் கோடை முடிவில் போய்ப் பார்த்தால் புரியும். நம் கூட்டத்தில் கைக்குழந்தைகள் உண்டு, வயதான அப்பா அம்மா உண்டு. இருட்டில், செருப்போடு, டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒதுக்குப்புறம் தேடிப் போகிற ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். அந்த ஒதுக்குப்புறத்தின் ஓரம் நூறடிக்கும் மேல் சரிவாக இருக்கலாம். பிரெய்ரி ராட்டில் என்ற விஷப் பாம்பும் அங்கே உண்டு.

விளிம்பைப் பற்றி இன்னொன்று. பேட்லாண்ட்ஸ் பாறைகள் பாறை என்று சொல்லும்படி இருப்பவை அல்ல, பெரும்பாலும் இறுகிய சேறும் எரிமலைச் சாம்பலும்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் அரித்துப்போகிறது. பாறை அரிப்பில் இது அசுர வேகம். அதனால் அந்த விளிம்பு இன்று இருக்கும் இடத்தில் நாளை இருக்கும் என்று சொல்ல முடியாது. படத்துக்காக டென்ட்டை ஓரத்தில் போடுவதும், காரின் முன்சக்கரத்தை ஓரம் வரை கொண்டுபோய் நிறுத்துவதும் வீண் விபரீதம். பிள்ளைகள் ஓடி விளையாட அது ஏற்ற இடமே இல்லை.

அந்த நிலம் எப்படிப் பொது நிலம் ஆனது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிசௌரி ஆற்றுக்கு மேற்கே உள்ள தெற்கு டகோட்டா முழுவதும் 1868-ஆம் ஆண்டு லாரமி கோட்டை ஒப்பந்தத்தின்படி பூர்வகுடிகளான லகோட்டா மக்களுக்கு உரியது. 1889-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து, மீதியை வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. 1907-இல் ரயில் பாதையோடு வால் ஊர் முளைத்தது. வந்தவர்களுக்கு 160 ஏக்கர், பிறகு 320 ஏக்கர் என்று நிலம் கிடைத்தது. ஈரமான கிழக்கு மாநிலங்களில் 160 ஏக்கர் பெரிய பண்ணை. இந்த வறண்ட புல்வெளியில் ஒரு குடும்பம் பிழைக்க அது போதவில்லை. புல்லை உழுது கோதுமை போட்டார்கள். 1930களில் வறட்சி வந்தபோது, வேர்ப்பிடிப்பு இல்லாத மண் புழுதிப்புயலாகக் கிளம்பியது. கடன் கட்ட முடியாமல் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயின. அப்படிக் கைவிடப்பட்ட நிலங்களை அரசு விலைகொடுத்து வாங்கி, மறுபடி புல் விதைத்தது. 1937-இல் வந்த பேங்க்ஹெட்-ஜோன்ஸ் சட்டம் அதற்கு வழி செய்தது. 1954-இல் அந்த நிலங்கள் வனத்துறையிடம் வந்தன. 1960-இல் தேசியப் புல்வெளிகள் என்று பெயர் பெற்றன. இன்று நாட்டில் 20 தேசியப் புல்வெளிகள் இருக்கின்றன. பஃபலோ கேப் அவற்றில் பெரியவற்றுள் ஒன்று, ஏறத்தாழ 6 லட்சம் ஏக்கர். தனியார் நிலமும் பொது நிலமும் சதுரங்கக் கட்டங்களாகக் கலந்து கிடப்பதற்குக் காரணமும் இந்த வரலாறுதான்: போனவர் நிலம் பொதுவானது, தாக்குப்பிடித்தவர் நிலம் அவரிடமே இருக்கிறது. நாம் காசில்லாமல் படுத்துறங்கும் அந்த மண்ணில் ஒரு மனித ஆயுளுக்குள் இரண்டு முறை ஆட்கள் வீடிழந்திருக்கிறார்கள்.

ஒருமுறை கிழிந்த புல்தரையைப் பழையபடி கொண்டுவர எத்தனை காலம் ஆகும் என்பதும் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 1840களில் மேற்கே போன மாட்டுவண்டிகளின் தடங்கள் நெப்ராஸ்காவில் இன்றும் தெரிகின்றன. ஏற்கெனவே இருக்கும் பாதையையும் பழைய டென்ட் இடங்களையும் விட்டு விலகி, இடம் போதவில்லை என்று பத்துக் கார்கள் புல்லில் இறங்கினால் ஆகும் சேதம் அடுத்த மழையோடு மறைந்துவிடாது. எந்தெந்தப் பாதையில் வண்டி போகலாம் என்று வனத்துறை வரைபடமே வெளியிடுகிறது. வால் ஊரின் கடைத்தெருவில் இருக்கும் தேசியப் புல்வெளிகள் தகவல் மையத்தில் கேட்டால் கிடைக்கும்.

மழை பெய்தால் கதையே வேறு. அந்தக் களிமண்ணை உள்ளூர்க்காரர்கள் கம்போ என்பார்கள். நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு பூட்டிவிடும், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருந்தாலும் சரி. காயும்வரை காத்திருப்பது ஒன்றே வழி. அவசரப்பட்டு முறுக்கினால் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழும், அது காய்ந்து அப்படியே இறுகிவிடும். இரண்டு பேர் என்றால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிடலாம். பால்புட்டிக் குழந்தைகளோடு நாற்பது பேர், குடிதண்ணீர் தீர்ந்த நிலையில் என்ன செய்வீர்கள்? பெரிய மருத்துவமனை ரேபிட் சிட்டியில், ஐம்பது மைலுக்கும் மேல். ஆலங்கட்டியையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பதிவான மிகப் பெரிய ஆலங்கட்டி 2010 ஜூலை 23 அன்று இதே மாநிலத்தின் விவியன் ஊரில் விழுந்தது, எட்டு அங்குல விட்டம். வால் ஊரிலிருந்து கிழக்கே அதே ஐ-90 நெடுஞ்சாலையில் சுமார் நூறு மைல். மரமே இல்லாத மேட்டில் இடி இறங்கும்போது ஒதுங்க உங்கள் காரைத் தவிர வேறு இடம் கிடையாது. சாப்பாட்டுப் பந்திக்கு என்று விரிக்கும் கேனோபிக் கூடாரங்களை அந்தக் காற்று ஒரு நொடியில் தூக்கி எறிந்துவிடும்.

நெருப்பு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இருக்கும் பெரிய பயம் இதுதான். ஜூலை ஆக ஆகப் புல் பழுத்துக் காய்ந்துவிடும். பக்கத்தில் இருக்கும் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஆண்டு முழுவதும் விறகு மூட்டத் தடை. குளிர்காலத்திலும் விலக்குக் கிடையாது. புல் தீ ஓடுகிற வேகம் தெரிந்தவர்கள் போட்ட விதி அது. புல்வெளியின் விதி பருவத்துக்குப் பருவம் மாறும். ஆனால் வேலிக்கு அப்பால் இருப்பதும் அதே புல், அதே காற்றுதான். பிரியாணிக்கு விறகடுப்பு வைத்தால்தான் ருசி என்பது உண்மையாக இருக்கலாம். அந்த ருசியை உங்கள் ஊர்ப் பூங்காவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கேஸ் அடுப்பு போதும், அதையும் புல் இல்லாத தரையில், பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு. வழி நெடுகப் பட்டாசுக் கடைகள் இருக்கும், ஜூலை 4 என்றால் பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். வனத்துறை நிலத்தில் பட்டாசு எந்த நாளும் கூடாது. மத்தாப்பும் அதில் அடக்கம். பட்டாசு வேண்டாம், விறகும் வேண்டாம் என்று இருப்பவர்கள்கூடக் கவனிக்காத ஒன்று: ஓடி வந்த காரின் அடியில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நெருப்பாய்க் கொதிக்கும். உயரமான காய்ந்த புல்மேல் நிறுத்தினால் அதுவே தீக்குச்சி. பத்துக் கார் வந்தால் கடைசி மூன்று கார்கள் நிற்க வேண்டியது அந்தப் புல்லில்தான்.

தீப்பிடித்தால் எரிவது பொதுச் சொத்து மட்டுமில்லை. அந்தப் புல்வெளியில் மாடு மேய்க்கும் பண்ணையாளர்கள் வனத்துறையிடம் அனுமதி பெற்று, கட்டணம் கட்டி மேய்க்கிறார்கள். குளிர்காலம் வரை அவர்கள் மாட்டுக்கு அந்தப் புல்தான் தீனி. கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போகச் சொல்வது அவர்களுக்காகத்தான். மாடு 240-ஆம் சாலைக்கு வந்துவிட்டால் இருட்டில் மோதுகிற கார் உங்களுடையதாகவும் இருக்கலாம். பிளாஸ்டிக் பை தின்ற மாட்டின் வயிறு எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மீந்த சோற்றையும் குழம்பையும் ‘மண்ணோடு மண்ணாகப் போகும்’ என்று கொட்டாதீர்கள். அது கயோட்டி என்ற ஓநாய் இன விலங்குகளை டென்ட்டுக்கு அழைத்து வரும்.

பூங்காவுக்குத் தெற்கே, இதே புல்வெளியின் பகுதியான கோனாட்டா பேசினில் கருங்கால் ஃபெரட் என்ற பிராணி வாழ்கிறது. நம் கீரியை ஒத்த உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி. இரவில்தான் வெளியே வரும். 1979-இல் இந்த இனமே அழிந்துவிட்டது என்று நினைத்தார்கள். 1981-இல் வயோமிங் மாநிலத்தின் மிடீட்ஸி அருகே ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரட் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து வாசலில் போட்டது. தேடிப்போய்ப் பார்த்தால் அங்கே ஒரு சிறு கூட்டம் உயிரோடு இருந்தது. நோய் அதையும் தாக்கியது. 1987-இல் உலகத்தில் மிச்சம் 18. அவற்றைப் பிடித்துக் கூண்டில் பெருக்கி, 1990களில் கோனாட்டாவில் கொண்டுவந்து விட்டார்கள். பிரெய்ரி நாய்கள்தான் அவற்றுக்கு உணவும் வீடும். பிரெய்ரி நாய் என்றால் நாய் இல்லை, மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் அணில் இனம். 2008-இல் அங்கே பிளேக் நோய் வந்து பிரெய்ரி நாய்கள் மடிந்தன, ஃபெரட்களும் குறைந்தன. பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சி அண்டாமல் இருக்க வளை வளையாக மருந்துப் பொடி தூவித்தான் இன்றும் காப்பாற்றுகிறார்கள். உங்களோடு நாய் வந்தால் தடுப்பூசி போட்டு, கயிற்றில் கட்டி வைத்திருங்கள். மிடீட்ஸியில் ஃபெரட்களைக் கொன்றவற்றில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயும் ஒன்று. பிரெய்ரி நாய்களுக்குத் தீனி போடவும் வேண்டாம், குழந்தைகள் வளையில் கைவிடவும் வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது மகிழ்ச்சியான சேதி ஒன்றும் உண்டு. 2010-இல் தேசியப் பூங்காவுக்கு வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே வாள்பல் பூனை ஒன்றின் மண்டையோட்டுப் புதைபடிவத்தைக் கண்டாள். மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. அவள் அதைத் தோண்டவில்லை, பூங்கா ஊழியரான ரேஞ்சரிடம் போய்ச் சொன்னாள். அதனால் அது முழுசாக மீண்டது. புல்வெளியிலும் எலும்புப் புதைபடிவங்கள் கிடக்கும். எடுத்து வருவது சட்டப்படி குற்றம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வால் அலுவலகத்தில் சொல்லச் சொல்லிப் பழக்குங்கள். வண்ணக் கூழாங்கல் பொறுக்கும் ஆசைக்குத் தடையில்லை. ஃபேர்பர்ன் அகேட் என்ற வரிக்கல்லைத் தேடி இந்தப் புல்வெளிக்கு ஆட்கள் தொலைவிலிருந்து வருகிறார்கள்.

சரி, பத்துக் குடும்பம் எங்கே போவது? தேசியப் பூங்காவுக்குள் சீடர் பாஸ் கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது. குழுக்களுக்கென்றே தனி இடங்கள் உண்டு, கழிப்பறை உண்டு, தண்ணீர் உண்டு, நிழற்கூரை போட்ட மேசைகள் உண்டு. அதே மண்கோபுரங்கள் அங்கேயும் கண்ணெதிரே நிற்கின்றன. வால் ஊரிலும் இன்டீரியர் ஊரிலும் தனியார் கேம்ப்கிரவுண்டுகள் இருக்கின்றன. ஆட்டம் பாட்டத்தோடு இரண்டு நாள் தங்க வேண்டும் என்றால் மேற்கே பிளாக் ஹில்ஸில் கஸ்டர் மாநிலப் பூங்காவின் குழு முகாம்கள் இன்னும் வசதி. செலவைக் குடும்பங்களுக்குப் பிரித்தால் பெரிதாகத் தெரியாது. சேஜ் கிரீக் கேம்ப்கிரவுண்ட் இலவசம்தான், குழிக் கழிப்பறையும் இருக்கிறது, ஆனால் சின்ன இடம். காட்டெருமைகள் டென்ட்டுகளுக்கு நடுவே நடந்து போகும். அங்கேயும் கூட்டம் கூடாது.

புல்வெளிக்கே போக விரும்பும் ஒன்றிரண்டு குடும்பங்களுக்கு: ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் எடுத்துப்போங்கள். மலக்கழிவுக்கென்று பொடி போட்ட இரட்டைப் பைகள் கேம்பிங் கடைகளில் கிடைக்கும், பயன்படுத்திக் கட்டி ஊர்க் குப்பைத் தொட்டியில் போடலாம். அல்லது மூடியுள்ள வாளிக் கழிப்பறை ஒன்று வாங்கிவிடுங்கள், பெரியவர்களுக்கு அது எவ்வளவு நிம்மதி என்று தெரியும். எல்லோரும் நிற்கும் விளிம்பிலேயே நிற்காதீர்கள். ஆறு லட்சம் ஏக்கரில் அது ஒரு துணுக்கு. வரைபடத்தைப் பார்த்து உள்ளே தள்ளிப்போனால் புல்லின் ஓசையும் புல்வெளிக் குருவிகளின் பாட்டும் கேட்கும். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்தால் பால்வெளி மண்டலம் தொடுவானத்திலிருந்து தொடுவானம் வரை தெரியும். ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது, நமக்கு அது பிரச்சினை இல்லை. அப்புறம், திரும்பி வந்ததும் படம் போடுங்கள், இடத்தைக் காட்டும் பின்னைப் போடாதீர்கள். எங்கே என்று கேட்பவருக்கு வால் தகவல் மையத்தின் பெயரைச் சொல்லுங்கள். அங்கே போனால் வரைபடத்தோடு அன்றைய தீத்தடை நிலவரமும் கையில் கிடைக்கும்.

இந்த ஆண்டுப் பயணத்தை ஒருங்கிணைப்பவர்கள் இதைப் படித்தால், அழைப்பு வெளியே போகும் முன் இடத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். சீடர் பாஸ் குழு இடங்கள் ஜூலைக்குச் சீக்கிரம் நிரம்பிவிடும். ஏற்கெனவே அழைப்பு போய்விட்டது என்றால் இன்றே ஒரு திருத்தம் போடுங்கள்.

அன்புடன்,
மினசோட்டாவிலிருந்து உங்கள் நண்பன்